கல்வரியும் கணினிவரியும்: வரியொழுங்குக் கருவிகளின் வளர்ச்சியும் புதுக்கோட்டைச் சாசனங்களும்

புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில்களின் சுவர்களிலே பொறிக்கப்பெற்ற நிவந்தச் சாசனங்களைப் படித்துப் பழகியவர்கள் யாவரும் ஒரு விஷயத்தை அனுபவத்தால் அறிவார்கள்: வரி எங்கே முடியவேண்டும் என்பதை அங்கே தீர்மானிப்பது வாக்கியமன்று, சொல்லுமன்று, கல்லே. அதிஷ்டானத்தின் குமுதத்திலோ பட்டிகையிலோ எவ்வளவு அகலம் கிடைத்ததோ அவ்வளவு தூரம் தச்சனின் உளி சென்று, இடம் தீர்ந்தவிடத்தில் நின்று, விட்ட எழுத்திலிருந்தே அடுத்த வரியைத் தொடங்கும். ஒரு சொல் இரண்டாக ஒடிவதைப் பற்றியோ, கொம்பு ஒரு வரியின் கடையில் தனித்து நிற்க அதற்குரிய மெய் அடுத்த வரியின் தலைக்குப் போய்விடுவதைப் பற்றியோ அவன் கவலைப்பட்டதில்லை. சொற்களுக்கிடையே இடம் விடாமலும், பெரும்பாலும் புள்ளி இடாமலும் எழுதிய அக்காலத்தில் படிப்பவனும் அதனை ஒரு குறையாக எண்ணியிருக்கமாட்டான். ஓலைச்சுவடியிலும் இதுவே முறை. செய்யுளின் அடி முடிந்ததென்பதற்காக ஓலையில் எஞ்சிய இடத்தை வெறிதே விடுகிற ஊதாரித்தனம் ஏடெழுதுவோரிடம் பொதுவாகக் கிடையாது.

இதற்கு நேர்மாறான ஒரு சாசனமும் அதே மாவட்டத்திலேயே இருக்கிறது. குடுமியான்மலையில் மேலைக்கோயில் என வழங்கும் குடைவரையை அடுத்த பாறைச் சரிவில், சுமார் பதின்மூன்றடிக்குப் பதினான்கடிப் பரப்பில், கிரந்த எழுத்துக்களால் பொறிக்கப்பெற்ற இசைக் கல்வெட்டைத்தான் குறிப்பிடுகிறேன். 1904-இல் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் ‘எபிகிராபியா இந்திகா’வின் பன்னிரண்டாம் தொகுதியில் பண்டார்கர் பதிப்பித்த இச்சாசனம், ஏழு ராகங்களுக்குரிய ஏழு பிரிவுகளாக, 38 ஸ்வர வரிகளைக் கொண்டது. ஸ்வரங்கள் நந்நான்காகக் கூட்டப்பெற்றுள்ளன. ஒரு வரிக்குப் பதினாறு கூட்டம், ஆக அறுபத்துநான்கு ஸ்வரம். ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, எ என்னும் உயிர்களை ஏற்று வேறுபட்டும் வரும். இங்கே வரியின் எல்லையை வகுத்தது பாறையின் அகலமன்று, இசையின் கணக்கு. வரியைக் கலைத்தால் பொருளே கலைந்துபோகும். இதனைச் செய்வித்தவன் முதலாம் மகேந்திரவர்மன் என்ற பழைய கொள்கை பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளாயிற்று. அந்த வாதம் இக்கட்டுரைக்குப் புறம்பானது. திருமயத்திலும் இதையொத்த இசைக் கல்வெட்டு ஒன்று இருந்து, பின்வந்தோர் தம் சாசனத்தைப் பொறித்துக்கொள்ளும்பொருட்டுப் பெரிதும் சிதைக்கப்பட்டது என்பதை மட்டும் வருத்தத்தோடு குறித்துச் செல்லலாம்.

ஆகவே வரி இருவகைப்படும்: இடத்துக்காக ஒடிந்த வரி ஒன்று, பொருளுக்காக நின்ற வரி மற்றொன்று. கட்டளை வரியில் இயங்கி, எழுத்துக்கோப்பின் வரிகளைத் திருத்தியமைக்கும் சிறு கருவிகளின் வரலாற்றை இந்த வேறுபாட்டைக் கைவிளக்காகக்கொண்டு நோக்கினால், அவற்றின் ஆற்றலும் அறியாமையும் ஒருங்கே புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது பத்தி கொண்ட துளையட்டையைக் கொண்டுவந்தது. அட்டை மறைந்த பின்னும் அதன் அகலம் திரைகளில் நிலைபெற்றுவிட்டது. எழுத்தைத் தட்டுபவன் வரியின் முடிவைப் பற்றிச் சிந்திக்கவேண்டாம், அதனை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்ற கருத்து, 1964-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் இயற்றிய ‘ரன்ஆஃப்’ என்னும் நிரலில் நன்கு உருப்பெற்றது. அதன் வழித்தோன்றலாகப் பெல் ஆய்வகத்தில் ‘ராஃப்’ பிறந்தது. அதிலிருந்து ஜோ ஒசானா ‘என்ராஃப்’, ‘டிராஃப்’ ஆகியவற்றை ஆக்கினார். ஆயினும் இவையெல்லாம் கோப்பினுள்ளேயே கட்டளைக் குறிகளை இட்டு எழுதவேண்டிய பெரிய சாதனங்கள். ஒரு கடிதத்தின் வரிகளைச் சற்றே ஒழுங்குபடுத்துவதற்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டுவதில்லை என்ற எண்ணத்தில் பெர்க்லி சர்வகலாசாலையில் இரு சிறு கருவிகள் தோன்றின. ஒன்று, 1977 ஜூன் மாதத்துத் தேதியைத் தாங்கிய, பில் ஜாய் எழுதிய ‘ஃபோல்ட்’; மற்றொன்று, 1978 டிசம்பரில் கர்ட் ஷோன்ஸ், தம்முடைய அஞ்சல் நிரலுக்குத் துணையாக எழுதிய ‘எஃப்எம்டி’.

இவ்விரண்டின் சுபாவமும் வேறு. ஃபோல்ட் கல்தச்சனைப் போன்றது: குறித்த அகலம் வந்ததும் ஒடிக்கும், அவ்வளவே, விரும்பினால் இடைவெளியுள்ள இடமாகப் பார்த்து ஒடிக்கும்படி ஏவலாம், ஆனால் ஒருபோதும் இரண்டு வரிகளை ஒன்றாக்காது. எஃப்எம்டியோ ஒரு பத்தியின் வரிகளையெல்லாம் முதலில் கோத்து, சொற்களை நிரலாக்கி, பின்னர் புதிய அகலத்துக்கேற்ப வகுக்கிறது. குனூ இயக்கத்துக்காக ராஸ் பேட்டர்சன் எழுதிய எஃப்எம்டியில் இயல்பான அகலம் 75. அதன் வகுக்கும் முறை, டொனால்ட் குனூத்தும் மைக்கேல் பிளாசும் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைத் தழுவியது. வரிவரியாக நிரப்பிச் செல்லாமல், பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி, எங்கெங்கே ஒடித்தால் மொத்தத்தில் குறை குறைவாயிருக்கும் என்று கணிக்கிற முறை அது. டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலின் அழகுக்கும் அதுவே மூலம். 1993-இல் ஆடம் காஸ்டெல்லோ வெளியிட்ட ‘பார்’, மேற்கோள் குறிகள் முன்னே நிற்கும் வரிகளையும் அக்குறிகள் கெடாமல் திருத்தவல்லது. பாசிக்ஸ் தரவரையறை 1992-இல் ஃபோல்டை ஏற்றுக்கொண்டது; எஃப்எம்டிக்கு அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை.

தமிழ் இவற்றின் வாயிலில் வந்து நின்றபோதுதான் அடிப்படைக் குறை வெளிப்பட்டது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலிய முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் கோப்புகளாக ஏறத் தொடங்கின. அக்காலத்தில் பரவலாக வழங்கிய திஸ்கி குறியேற்றத்தில் ஓர் எழுத்துருவத்துக்கு ஒரு பைட்டு; கொம்பு, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே மெய்க்கு முன்னர் வைக்கப்பெற்றது. ஆதலின் திஸ்கிக் கோப்பை ஃபோல்ட் ஒடித்தால், கொம்பு வரியின் கடையிலும் மெய் அடுத்த வரியிலும் பிரிந்து நிற்கும். அதாவது, புதுக்கோட்டைத் தச்சன் நூற்றாண்டுகளுக்கு முன் செய்ததையே இயந்திரமும் செய்தது, படிப்பவனும் ஒருவாறு கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

யூனிகோடு வந்தபின் நிலை வேறாயிற்று. ‘புதுக்கோட்டை’ என்னும் பெயர் இலக்கணப்படி ஆறெழுத்து, யூனிகோடில் அதற்குப் பன்னிரண்டு குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டாக முப்பத்தாறு பைட்டு. குனூவின் கருவிகள் நெடுங்காலம் எண்ணியது எழுத்துக்களையன்று, பைட்டுகளை. எஃப்எம்டியின் எழுபத்தைந்தில் இப்பெயர் இடைவெளியோடு இருமுறை எழுதினால் 73 பைட்டு. மூன்றாவது சொல்லுக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் பன்னிரண்டு சொற்கள் அமரும் வரியில் தமிழ் மூன்று நான்கு சொல்லோடு ஒடுங்கிவிடுவதற்குக் காரணம் இதுவே. எனினும் எஃப்எம்டி இடைவெளியில் மட்டுமே வெட்டுவதால் எழுத்து சிதையாது, வரிதான் குறுகும். ஃபோல்டின் எண்பதோ இன்னும் கொடியது: எண்பதை மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சுமாதலால், இடைவெளியின்றித் தொடரும் தமிழில் இருபத்தேழாவது குறியின் முதலிரு பைட்டுகள் ஒரு வரியிலும் எஞ்சிய ஒன்று அடுத்த வரியிலும் போய் விழும். அவ்வாறு பிளந்த துண்டுகள் எந்த எழுத்தும் அல்ல. திரையில் வினாக்குறிகளாகக் காட்சியளிக்கும். ஓர் எழுத்தின் நடுவே ஒடிக்கலாகாதென்று பாசிக்ஸ் விதித்திருக்கவும் இது நிகழ்ந்தது என்பதை மன்னித்தல் எளிதன்று.

இனி, இடைவெளிகொடுத்துப் பதிப்பித்த சாசனக் கோப்பு ஒன்றை எஃப்எம்டியிடம் ஒப்படைத்தால் நேர்வது என்னவென்று நோக்குவோம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட சாசன மூலங்களை வமிசக் கிரமத்தில் தொகுத்து 1929-இல் அச்சிட்டது. 1941-லும் 1946-லும் கே. ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. இத்தகைய மூலங்களை ஒருவர் கல்லின் வரிக்கு ஒரு கோப்பு வரியாகத் தட்டெழுதி வைத்தாரென்று கொள்வோம். வரிகளைக் கோக்கும்போது எஃப்எம்டி வரியின் முடிவை ஓர் இடைவெளியாகவே கருதும். கல்லில் ‘திருநலக்’ என்று ஒரு வரி முடிந்து ‘குன்றத்து’ என்று அடுத்தது தொடங்குமாயின், ஊர்ப்பெயர் ஒன்று இரு சொற்களாக வெளிவரும், பின்னர் எந்தத் தேடலிலும் அகப்படாது. இடைவெளியே இல்லாத மூலத்தையோ அது ஒரே நெடுஞ்சொல்லாக மதித்துத் தொடாமல் விட்டுவிடும். இரண்டாவது குணம் தற்செயலான நன்மை. முதலாவது தீங்கு, அதிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத தீங்கு.

பரிகாரம் சாசனவியலாரிடமே முன்னமே இருந்தது. எபிகிராபியா இந்திகாவின் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு கல்வரிக்கும் எண்ணிட்டு, சொல் ஒடிந்த இடத்தில் சிறுகோடு இட்டு அச்சிட்டார்கள். அதனால் சொல்லும் தெளிவாயிற்று, கல்லும் மறையவில்லை. எபிடாக் என்னும் சர்வதேசக் குறியீட்டு முறையும் இதையே செய்கிறது: வரித்தொடக்கத்துக்கு எண்ணோடு ஒரு குறி, சொல் அங்கே முடியவில்லையென்றால் அதனைத் தெரிவிக்க ஒரு பண்பு. வரி, கோப்பின் வரியாக இராமல் கோப்பினுள் ஒரு செய்தியாக மாறிவிடுவதால், எஃப்எம்டி எவ்வளவு கலைத்தாலும் அது அழிவதில்லை. எளிய கோப்பில் வேலை செய்வோர் கடைசியில் சிறுகோடு நிற்கும் வரிகளை ‘செட்’ அல்லது ‘ஆக்’ என்னும் வரித்திருத்த நிரல்களைக் கொண்டு இடைவெளியின்றி முதலில் இணைத்து, எண்களைச் சதுர அடைப்பினுள் இட்டுக் காத்து, அதற்குப் பின்னரே எஃப்எம்டியை அகலம் கூட்டி ஏவவேண்டும். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

குடுமியான்மலைக் கோப்புக்கு இம்முறையும் ஒவ்வாது. கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் 2014-இல்தான் தனியிடம் கிடைத்தது. அங்கே ஒரு குறிக்கு நான்கு பைட்டு. அகர ஸ்வரங்களே அமைந்த வரியென்றாலும் அறுபத்துநான்கு ஸ்வரத்துக்கு 256, கூட்டங்களுக்கிடையே பதினைந்து இடைவெளி, ஆக 271 பைட்டு. எல்லாம் உயிர்க்குறி ஏற்றால் 527. எழுபத்தைந்தை நம்பி ஏவினால் ஒவ்வொரு வரியும் பல துண்டாகி, முன்வரியின் வாலோடு பின்வரியின் தலை ஒட்டிக்கொள்ளும். நீண்ட வரியை ஒடிக்கலாம், குறுவரியைக் கோக்கலாகாது என்று எஃப்எம்டிக்கு ஆணையிடும் ‘எஸ்’ என்னும் தெரிவைக் கொடுத்து, அகலத்தை 600 என வைத்தால் முப்பத்தெட்டு வரிகளும் பாறையில் உள்ளபடியே மீளும். ஏழு பிரிவுகளுக்கிடையே விட்ட வெற்றுவரிகளை எஃப்எம்டி இயல்பாகவே காப்பாற்றுகிறதாதலால், அவற்றுக்கென வேறு ஏற்பாடு தேவையில்லை.