பாறை மேலே ஏறுகிறதா? உணர்வையும் விசாரிப்போம்

ஒகேனக்கல் என்பது கன்னடத்திலிருந்து வந்த பெயர். 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. காவிரி பாறையில் விழுந்து சிதறும் நீர்த்திவலை தூரத்தில் நிற்பவருக்குப் புகையாகத் தெரியும். அருகே போனால் முகம் நனையும், தண்ணீர் என்று விளங்கும்.

அங்கே போகிறவர்கள் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். விழும் நீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்புங்கள். சில விநாடிகள் பாறை மேலே ஏறுவதுபோல் தோன்றும். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு எழுதிவைத்தார். கீழ்நோக்கிய அசைவை உணரும் மூளை நரம்பணுக்கள் தொடர்ந்து வேலை செய்து தளர்ந்துவிட, மேல்நோக்கிய அசைவை உணர்பவை ஓங்கிவிடுவதே காரணம். பாறை நகராது என்று அறிந்தவருக்கும் அப்படித்தான் தெரியும். அறிவு அந்தத் தோற்றத்தை நீக்குவதில்லை; அதை நம்பி ஏமாறாமல் காக்கிறது.

இமாம் கஸ்ஸாலியின் கேள்வி

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (ஹிஜ்ரி 450–505) தமது 'அல்முன்கித் மினள் ளலால்' நூலில் இதே கேள்வியை எழுப்புகிறார். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் அளவில் தெரிகிறது. கணக்கோ அது பூமியைவிடப் பெரியது என்கிறது. கண்ணின் சாட்சியத்தையே விசாரிக்க வேண்டுமென்றால், மனதின் சாட்சியத்தை விசாரிக்காமல் ஏற்கலாமா?

வீட்டுக்குள்

கல்யாண வீட்டில் மச்சான் நம் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. 'வேண்டுமென்றே அவமதித்தார்' என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. வலி உண்மைதான், தீர்ப்பு உண்மையா? மூன்று காரியம் செய்யலாம்.

1. நடந்ததையும் நாம் நினைத்ததையும் பிரியுங்கள். பதில் வரவில்லை என்பது நடந்தது. அவமதிப்பு என்பது நம் முடிவு.

2. கோபம் தணியும்வரை முடிவெடுக்காதீர்கள். கோபத்தில் இருக்கும்போது நீதிபதி தீர்ப்பளிக்கக் கூடாது என்பது நபிமொழி. குடும்ப விவகாரத்தில் நாம் எல்லோரும் நீதிபதிகளே.

3. நேரில் கேளுங்கள். "மச்சான், ஸலாம் சொன்னேன், காதில் விழவில்லையா?" என்ற ஒரு கேள்வி பல வருடப் பகையைத் தடுக்கும்.

கேட்பது வேறு, துருவுவது வேறு. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லும் இடத்திலேயே வேவு பார்ப்பதையும் தடுக்கிறது. மனைவியின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகத் திறப்பது உண்மையைத் தேடுவதாகாது.

எல்லா உணர்வும் பொய்யல்ல

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரும் அச்சம் பிரமையல்ல. 'எல்லாம் உன் கற்பனை' என்று அவரை அடக்கக் கூடாது. பாதுகாப்பும் உதவியும் தேட வேண்டும். அதேபோல, பயமில்லாததும் விசாரணைக்கு உரியதே. மேலிருந்து பார்க்கையில் மூன்றடியாகத் தெரியும் தெளிந்த நீர் உண்மையில் நான்கடி ஆழம் இருக்கும். 'ஆழமில்லை' என்ற துணிச்சலில் ஆற்றில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள்.

காரணமற்ற பயமோ சந்தேகமோ வாரக்கணக்கில் நீங்காமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், துஆவோடு மனநல மருத்துவரையும் நாடுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.