எம்டனைத் தெரியும், 'ஓநாய்' தெரியுமா?

எம்டன் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. கில்லாடியான ஆளைப் பார்த்து 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கமும் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் இரண்டரை ஆண்டுகளுக்குள் நம் பக்கத்துக் கடலுக்கு இன்னொரு ஜெர்மன் கப்பல் வந்தது. சத்தமே போடவில்லை. அதனால்தானோ என்னவோ, அதன் பெயர் யாருக்கும் நினைவில்லை!

அதன் பெயர் 'வோல்ஃப்', அதாவது ஓநாய். பிறக்கும்போது அது போர்க்கப்பலே அல்ல. 1913-ல் கட்டப்பட்ட 'வாக்ட்ஃபெல்ஸ்' என்ற சாதாரண சரக்குக் கப்பல். சொந்தக்காரர் பிரேமன் நகரத்து ஹன்சா கம்பெனி. போருக்கு முன்பு இந்தியத் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிவந்த கம்பெனி இது.

1916-ல் ஜெர்மன் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. பீரங்கிகளையும் டார்பிடோக் குழாய்களையும் பொருத்தி, அவற்றை மடக்கும் தகடுகளுக்குப் பின்னால் மறைத்தார்கள். வயிற்றில் 450-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள். வேவு பார்க்க ஒரு சிறு கடல் விமானமும் உண்டு. அதற்குப் பெயர் 'ஓநாய்க்குட்டி'. வேகம் சுமார் 10 நாட் மட்டுமே. ஓடித் தப்பிக்க முடியாத கப்பலுக்கு மாறுவேடம் ஒன்றுதான் கவசம்.

கேப்டன் நெர்கர் தலைமையில் 1916 நவம்பர் 30 அன்று கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. முதலில் தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் கண்ணிகளை விதைத்தது. 1917 பிப்ரவரி நடுவில் கொழும்புக்கு வெளியே, அடுத்து பம்பாய்க்கு வெளியே. விதைத்த கையோடு கிளம்பிவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. பிப்ரவரி 17 அன்று 'வொர்செஸ்டர்ஷயர்', 21 அன்று 'பெர்சியஸ்' என இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் கொழும்பு அருகே மூழ்கின. பம்பாய்க் கண்ணிகளோ நான்கு மாதம் காத்திருந்தன. ஜூன் 11 அன்று 'சிட்டி ஆஃப் எக்ஸிடர்' சேதத்தோடு தப்பியது. ஜூன் 23 அன்று 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 23 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் ஓநாய் பசிபிக் கடலில் இருந்தது!

எம்டனை எதிர்த்துப் பீரங்கியாவது சுடலாம். கண்ணிவெடி விஷயத்தில் எதிரி யார் என்றே தெரியாது. 1917 ஜூலையில் ஆஸ்திரேலியா அருகே 'கம்பர்லாண்ட்' கப்பலில் வெடித்தபோது, யாரோ உள்ளே குண்டு வைத்துவிட்டார்கள் என்றே முதலில் நம்பினார்கள். கடலைத் துழாவிக் கண்ணிகளைக் கண்டெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

இது வணிகத்தின் மீது தொடுத்த போர். வோல்ஃபின் தேவைகளையும் வணிகக் கப்பல்களே தீர்த்துவைத்தன. நிலக்கரி, உணவு எல்லாமே பிடித்த கப்பல்களிலிருந்துதான். 'மட்டுங்கா' என்ற கப்பலின் சரக்கு விவரம் சங்கேத மொழி இல்லாமல் கம்பியில்லாத் தந்தியில் போனது; ஒட்டுக்கேட்டவர்கள் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பரில் மாலத்தீவு அருகே சிக்கியது, கொழும்பிலிருந்து புறப்பட்ட ஜப்பானியக் கப்பல் 'ஹிட்டாச்சி மாரு'. அதில் ரப்பர், தேயிலை, செம்பு, கூடவே பட்டு. ஒரு கப்பல் பட்டுக்கு என்ன மதிப்பு என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1918 பிப்ரவரி 24 அன்று வோல்ஃப் கீலுக்குத் திரும்பியது. 451 நாள், சுமார் 64,000 மைல், வழியில் ஒரு துறைமுகத்துக்குள்ளும் நுழையவில்லை. பிடித்த கப்பல்கள் 14. கண்ணிகளில் மூழ்கியவை 13. கப்பலின் அடித்தட்டில் 467 கைதிகள். அவர்களில் சிலர் கிட்டத்தட்ட ஓராண்டாக வெளியுலகச் செய்தியே இல்லாமல், வைட்டமின் குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு கிடந்தவர்கள். வெளியே அவர்களுடைய கப்பல்கள் காணாமல் போன கணக்கில் இருந்தன.

போருக்குப் பிறகு கப்பல் பிரான்சுக்குப் போனது. 'ஆன்டினஸ்' என்ற பெயரில் மறுபடியும் சரக்கு ஏற்றியது. 1931-ல் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.

சென்னையில் எம்டன் சுட்டது சில நிமிடங்கள்தான். அது ஊர் நினைவிலும் மொழியிலும் தங்கிவிட்டது. பம்பாய்க் கடலில் 23 பேரைக் கொன்ற கப்பலோ யார் கண்ணிலும் படவில்லை. அதனால் பழமொழியாகவும் ஆகவில்லை.