ஆறு பென்ஸும் டாக் கதவும்

1880களில் லண்டன் டாக்கில் வேலை என்பது தினமும் காலையில் புதிதாகப் பிடிக்க வேண்டிய ஒன்று. கதவருகே கூட்டம் முண்டும். ஃபோர்மேன் வருவார், முகங்களைப் பார்ப்பார், நீ, நீ, நீ என்று சிலரைப் பொறுக்குவார். மிச்சப் பேர் வீட்டுக்குப் போகலாம். உள்ளே போனவருக்கும் முழுநாள் வேலை என்று உறுதியில்லை. ஒரு மணி நேரத்தில் கணக்கு தீர்த்து அனுப்பலாம். கூலி மணிக்கு 5 பென்ஸ். மில்வால் டாக்கின் மேலாளர் நாடாளுமன்றக் குழு முன் சொன்ன சாட்சியம் ஒன்று உண்டு. முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல் வருகிற ஆட்கள் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டு, அந்தக் காசோடு சாப்பிடப் போய்விடுவார்களாம். பசி அதற்கு மேல் நிற்க விடாது. சொன்னவர் முதலாளி தரப்பு ஆள் என்பதைக் கவனிக்கணும்.

1889 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் வெடித்தது. மணிக்கு 6 பென்ஸ் வேணும் என்றார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் சுமார் 30,000 பவுண்டு அனுப்பினார்கள், கார்டினல் மானிங் சமரசம் பேசினார், செப்டம்பரில் ஜெயித்தார்கள். வரலாற்றில் பேர் வாங்கியது அந்த ஆறு பென்ஸ்தான். எனக்கென்னவோ பக்கத்தில் இருந்த இன்னொரு கோரிக்கைதான் பெரிசாகப் படுகிறது: ஒருவரை வேலைக்கு எடுத்தால் குறைந்தது 4 மணி நேரக் கூலி. கூப்பிட்டவனை உடனே துரத்தாதே என்று அதற்கு அர்த்தம்.

அதுவும் கிடைத்தது. ஆனால் கதவும் விரலும் அப்படியே இருந்தன. அஞ்சு பென்ஸ் ஆறானாலும், நாளைக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்பதை இன்னொருத்தர் கண்தான் முடிவு செய்தது. ஐடியில் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். சம்பளம் முழுசாக வரும், இருந்தும் "இப்ப எந்த புராஜெக்ட்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கேன்டீனுக்கு லேட்டாகப் போவோம்.

1947இல் பதிவேடு வந்தது. வேலை இல்லாத நாளிலும் ஆஜரானதற்கு ஒரு தொகை. நிரந்தர வேலை வர 1967 ஆனது. அது வந்த அன்றே லண்டனிலும் லிவர்பூலிலும் ஸ்ட்ரைக்! கூலி விவகாரமும் இருந்தது, ஆனால் அது மட்டுமில்லை. ஒரே முதலாளிக்குக் கட்டுப்படாதவன், பிடிக்காத வேலைக்குப் போகாதவன் என்பது அதற்குள் டாக்காரனின் பெருமையாகியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அவமானத்தில் நின்றவர்கள் அதையே மீசையாக முறுக்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

பிறகு கன்டெய்னர் வந்தது. பெரிய கப்பல்களுக்கு டில்பரி போதும். 1981க்குள் நகரை ஒட்டிய டாக்குகள் எல்லாம் மூடின. வெஸ்ட் இந்தியா டாக் இருந்த இடத்தில்தான் இன்றைய கேனரி வார்ஃப். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் திவாலானபோது, டாக்காரர்கள் கனவிலும் காணாத சம்பளம் வாங்கியவர்கள் அங்கிருந்துதான் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் கேமராக்கள் நின்றிருந்தன.