திரைச்சீலையில் ஏறிய குறிஞ்சி: போடி மலைச்சரிவும் தென்பாண்டி நாட்டு நிலக்காட்சி ஓவியமும்

தெய்வமோ அரசனோ கதையோ முதன்மை பெறாமல், மலையும் ஆறும் வயலும் வானமுமே படத்தின் பொருளாக அமையும் ஓவிய வகையை நிலக்காட்சி ஓவியம் என்பர். தமிழ்நாட்டில் இவ்வகை மிகவும் பிந்தியே தோன்றியது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்துக்கொண்டு, அவற்றின் மீதே அகப்பாடல் மரபு முழுவதையும் எழுப்பிய ஒரு மொழியில், ஓவியர்கள் மட்டும் நிலத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கதையின் களமாகவே நிறுத்தி வைத்திருந்தது விளக்கம் வேண்டும் செய்தியாகும். குறிஞ்சித் திணையின் இயல்புகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த போடிநாயக்கனூர், குரங்கணி, போடிமெட்டு மலைச்சரிவையும் அதனை அடுத்த மதுரை வட்டாரத்தையும் எடுத்துக்கொண்டு, மலை எவ்வழியாக, யாருடைய கைகளின் மூலம் படத்திற்குள் வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்நிலத்தின் தோற்றத்தை முதலில் குறிப்பிடுவது பொருந்தும். போடி நகரின் மேற்கே மலை படிப்படியாக உயராமல் மதில்போல் எழுந்து நிற்கிறது. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை பல கொண்டை ஊசி வளைவுகளின் வழியே அதன்மேல் ஏறி, கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி முகட்டிற்கு அப்பாலேயே பெய்துவிடுவதால், கிழக்குச் சரிவு ஆண்டின் பல மாதங்கள் காய்ந்த புல்லின் பழுப்பிலும் பாறையின் சாம்பல் நிறத்திலும் இருக்க, முகட்டைத் தாண்டியவுடன் பெருமரங்களின் நிழலில் ஏலத்தோட்டங்கள் கரும்பச்சையாகத் தொடங்குகின்றன. அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவமரங்களும், அதன்மேல் வறண்ட சரிவும், உச்சியில் மேகமும் என மூன்று நிறப்பட்டைகளாக இம்மலை பிரிந்து தெரிவதை நகரிலிருந்தே காணலாம். இந்த நிறப்பகுப்பு நம் படங்களில் எவ்வளவு அரிதாக இடம்பெற்றுள்ளது என்பது பின்னர் தெளிவாகும்.

இம்மலைத்தொடரின் மிகப் பழைய ஓவியங்கள் மூணாற்றுக்கு வடக்கே, அஞ்சுநாடு எனப்படும் மறையூர்ப் பகுதியின் பாறை ஒதுக்கிடங்களில் உள்ளன. அங்கு விலங்குகளும் மனித உருவங்களுமே பெரிதும் தீட்டப்பட்டுள்ளன. பாறையே ஓவியப் பரப்பாகவும் வாழிடமாகவும் இருந்தபோது பாறையைத் தனியே வரைய வேண்டிய தேவை எழவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

சங்க இலக்கியங்கள் காட்டும் ஓவியங்களும் இதே போக்கினவாகவே உள்ளன. திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் காமனும் இரதியும் அகலிகையின் கதையும் தீட்டப்பட்டிருந்ததைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் குறிக்கிறது. நெடுநல்வாடை, அரசியின் கட்டிலுக்கு மேலே இருந்த விதானத்தில் விண்மீன்களும் திங்களும் எழுதப்பட்டிருந்ததைக் கூறுகிறது. குன்றத்து மண்டபத்திலும் குன்று வரையப்பட்டதாகக் குறிப்பு இல்லை. இதற்கு விதிவிலக்குப்போல் நிற்பது, ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத் தாமரைத் தடாகமாகும். மீனும் அன்னமும் எருமையும் யானையும் நிறைந்த அக்குளம், தமிழ்நாட்டு ஓவியத்தில் நீர்நிலை ஒன்று உயிர்ப்புடன் கவனிக்கப்பட்டதற்குச் சிறந்த சான்று. எனினும் அதுவும் சமணப் புராணக் காட்சியாகவே விளக்கப்படுகிறது.

போடியின் சொந்த ஓவிய வரலாறு அதன் பாளையத்திலிருந்து தொடங்குகிறது. மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில் வகுக்கப்பட்டதாகக் கூறப்படும் 72 பாளையங்களுள் ஒன்றாகிய போடிநாயக்கனூரின் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அழகர்கோயில் வசந்த மண்டபத்து விதானத்திலும், இராமநாதபுரம் சேதுபதிகளின் இராமலிங்க விலாசத்திலும் காணப்படும் நாயக்கர் காலச் சுவரோவிய மரபின் தொடர்ச்சியாகவே இவற்றைக் கருத வேண்டும். அம்மரபில் சுவர் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, கதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். காட்சியை விளக்கும் சிறு எழுத்துகள் ஓரத்தில் அமையும். காட்டைக் காட்ட இரண்டு மூன்று மரங்களும், மலையைக் காட்ட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்ட வளைவுகளும், ஆற்றைக் காட்ட அலைக்கோடுகளும் அவற்றின் நடுவே மீன்களும் போதுமானவை. மரத்தின் இலையை ஒவ்வொன்றாக எழுதுவதில் ஓவியர் காட்டிய பொறுமையை, அந்த மரம் நிற்கும் நிலத்தின் தொலைவையும் ஒளியையும் காட்டுவதில் அவர் காட்டவில்லை. அது அவருக்குரிய வேலையாகவும் இருக்கவில்லை.

இதனைக் குறையாகக் கொள்ளுதல் தவறு. சித்திரகூடமும் பஞ்சவடியும் கிட்கிந்தையும் கேட்போர் மனத்தில் ஏற்கெனவே இருந்த இடங்கள். ஓவியர் அவற்றை நினைவூட்டினாலே போதும். இராமாயண ஓவியங்களில் தனக்கென ஒரு செயல் உடைய மலைகள் அரியவை, அனுமன் பெயர்த்து ஏந்திச் செல்லும் மருந்துமலை அவற்றுள் ஒன்று என்பதும் இங்குக் கருதத்தக்கது. அரண்மனையின் வெளியே வந்து நின்றால் மேற்கே முழு மலைத்தொடரும் தெரியும் ஓர் ஊரில், உள்ளே உள்ள சுவரில் அதே மலை உள்ளங்கை அளவில் மட்டுமே இடம்பெறும் மரபு நிலவியது.

மலை தன் உண்மை வடிவில் தாளில் ஏறியது அளக்க வந்தவர்களால்தான். ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792ஆம் ஆண்டு திண்டுக்கல், மதுரை வழியாகத் தெற்கே பயணம் செய்து பாபநாசம் அருவியை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 படங்களைக் கொண்ட தொகுதியில் அது இடம்பெற்றது. அவர்கள் இருட்டறைப் பெட்டியைப் பயன்படுத்தினர். சிறு துளையில் பதித்த கண்ணாடி வில்லை வழியாக வெளிக்காட்சி பெட்டிக்குள் விழ, அதன் கோடுகளை அப்படியே தாளில் வரைந்துகொள்ளும் கருவி அது. அதன்பின் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நிலங்களை அளந்த வார்டு, கானர் ஆகிய இருவரின் அளவைப்பணி இம்மலைத்தொடரையும் தழுவியது. மலைச்சரிவின் செங்குத்தை நெருக்கமான சிறு கோடுகளால் காட்டும் அக்கால நிலப்பட முறை, ஒருவகையில் மலையின் முதல் உருவப்படம் என்றே சொல்லத்தக்கது. 1860களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி, ஐரோப்பியப் படையினர் தங்கி உடல்நலம் பேணுவதற்கு ஏற்ற மலைமேடுகளை வரைந்து தருமாறு சென்னை அரசால் அமர்த்தப்பட்டு, போடிக்கு வடக்கே உள்ள பழனி மலைகளைக் கோட்டோவியங்களாக ஆக்கினார். இப்படங்கள் அனைத்தின் பின்னும் பயன்நோக்கு ஒன்று இருந்தது. வேட்டைக்கும் தோட்டத்திற்கும் குடியிருப்புக்கும் உரிய இடமாக மலையைப் பார்த்த கண், அதன் ஒவ்வொரு மடிப்பையும் தவறாமல் குறித்துக்கொண்டது. அங்கே வாழ்ந்தவர்களைப் பெரும்பாலும் அளவுகோலாக மட்டும், மலையின் உயரம் விளங்குவதற்காக ஒரு மூலையில் நிறுத்தியது.

தோட்டங்கள் வந்தபின் மலைக்கும் சமவெளிக்கும் இடையே போக்குவரத்துப் பெருகியது. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழி ஊர்தியில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்கு வந்தது; 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மேலே இருந்த சிறு இரயில்பாதையை அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் இரயில் வந்தது. சரக்கு செல்லும் வழியிலேயே நாடகக் கொட்டகைகளும் வந்தன என்பது ஓவிய வரலாற்றுக்கு முக்கியமான செய்தி.

உள்ளூர் ஓவியர் முழுப்பரப்பில் மலையை வரையத் தொடங்கியது நாடகத் திரைச்சீலையில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்த எழுதிய படுதா, சில பத்தாண்டுகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் இன்றியமையாததாயிற்று. காடாத் துணியை விறைப்பாகக் கட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசி, காய்ந்தபின் தூள் வண்ணங்களை வச்சிரப் பசையில் குழைத்துத் தீட்டுவர். பசை வண்ணம் காய்ந்தால் வெளிறிவிடும் என்பதால், இரவு விளக்கொளியில் எடுபடும்படி நீலத்தையும் பச்சையையும் அழுத்தமாகவே வைக்க வேண்டும். தொலைவிலுள்ள மலை நீலமாகவும் அருகிலுள்ளது பச்சையாகவும் இருக்க வேண்டும் என்ற மேற்கத்திய முறையும் இவ்வழியாகவே ஊர் ஓவியர்களின் கைப்பழக்கமாயிற்று. தெரு சீன், தர்பார் சீன், நந்தவன சீன், காட்டு சீன் என நாலைந்து படுதாக்கள் இருந்தால் ஒரு குழு எந்த நாடகத்தையும் நடத்திவிடலாம்.

இங்கே சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் தனிக்கவனம் பெற வேண்டும். மதுரையைச் சுற்றிய ஊர்த் திருவிழாக்களில் இன்றளவும் விடிய விடிய நடத்தப்படும் இந்நாடகத்தின் களம் மலைச்சாரலும் தினைப்புனமும் ஆகும். தினைப்புனம் காக்கும் பெண், பரண், கவண், வேடனாக வரும் தலைவன் என்று குறிஞ்சிப் பாடல்களின் உலகம் முழுவதும் மேடைக்கு வர, அதன் பின்னணியாக மலையை எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் முதன்முறையாக ஓவியருக்கு நேர்ந்தது. பாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்த நிலம் படத்தில் இடம்பெற்ற தருணம் இதுவே. ஆயினும் அம்மலை எந்த ஊர் மலையாகவும் இருக்கவில்லை. வள்ளிக்கு விரித்த அதே காட்டு சீனில் மறுநாள் அரிச்சந்திரன் நடக்க வேண்டியிருந்ததால், ஓவியர் எல்லாக் காட்டுக்கும் பொதுவான ஒரு காட்டையே எழுதினார். போடிச் சரிவின் பழுப்பு நிறத்துக்கு அங்கே இடமில்லை. திரைச்சீலை மலை என்றும் மழை பெய்து ஓய்ந்த மலைதான்.

காட்சி அமைப்பில் பெரும்பெயர் பெற்ற நவாப் இராஜமாணிக்கம் குழுவின் ஐயப்பன் நாடகம், மலைக்காட்டு வழியையே தன் கவர்ச்சியாகக் கொண்டிருந்தது. சபரிமலைக் கோயில் 1950இல் தீக்கிரையானபின், தேனிப் பகுதியைச் சேர்ந்த உத்தமபாளையத்துக்காரரான பி. டி. இராஜன் புதிய திருமேனி அமையத் துணைநின்றதும், இந்நாடகமும் சேர்ந்து தமிழகத்தில் அவ்வழிபாட்டைப் பரப்பின. கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளி ஏறும் அடியார்களில் பலர், அந்தக் காட்டை முதலில் கண்டது படுதாவிலோ நாட்காட்டியிலோதான்.

நாட்காட்டி ஓவியமும் மேடையின் குழந்தையே. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, இரமணாசிரமத்தில் சிலகாலம் இருந்து, நாடகக் குழுவின் திரைச்சீலை எழுதுபவராகக் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிய சி. கொண்டையராஜு (1898–1976) இம்மாற்றத்தின் நடுநாயகமானவர். அவரும் அவரிடம் பயின்ற டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோரும் எழுதிய தெய்வப் படங்கள் அருகிலுள்ள சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் சென்றன. அப்படங்களில் தெய்வத்தின் பின்னே தெரியும் ஏரியும் அருவியும் நீல மலையும் மேடைப் படுதாவின் சுருங்கிய வடிவங்கள். கரிசல் நிலத்தின் நடுவே இருந்துகொண்டு இத்தனை பசுமையை எழுதியதை வெறும் சந்தை நோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பார்க்கும் நிலத்தைவிட வேண்டும் நிலத்தையே பூசையறைச் சுவர் கேட்டது.

கண்ட இடத்தை அதன் பெயரோடும் வெளிச்சத்தோடும் எழுதும் பழக்கம் மற்றொரு தடத்தில் வளர்ந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, முதலில் கைத்தொழில் வடிவமைப்பையே நோக்கமாகக் கொண்டிருந்தது. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானபின் ஓவியத்துக்கு முதலிடம் கிடைத்தது. அங்குப் பயின்று பின்னர் அதன் முதல்வருமான கே. சி. எஸ். பணிக்கரின் தொடக்ககால நீர்வண்ணப் படங்கள் மலபார் நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் நேரில் கண்டு எழுதியவை. ஆனால் 1960களில், அவர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் கலைஞர் சிற்றூர் உருவான காலத்தில், சென்னை ஓவியர்களின் நாட்டம் கோட்டுக்கும் குறியீட்டுக்கும் திரும்பிவிட்டது. நேர்க்காட்சி ஓவியம் பழமையானதாகக் கருதப்பட்டு, மாவட்டங்களில் வாழ்ந்த ஓவிய ஆசிரியர்களிடமும் இதழ் ஓவியர்களிடமும் தங்கியது. இதனால் விளைந்த இழப்பு பெரிது என்றே சொல்ல வேண்டும்.

அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்தவர் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936–2022). கலைக்கல்லூரி வழியே வராத அவர், யானைமலையையும் வையையையும் மதுரைக் கோபுரங்களையும் கருமையால் நுண்கோடுகளாக வரைந்தார். விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தபோதும் அவர் கோட்டின் நுணுக்கம் தளரவில்லை. யானைமலையின் ஒவ்வொரு வளைவும் அதன் உண்மை வடிவில், முன்னே உள்ள வயலும் மரமும் எந்தப் பருவத்தவை என்று தெரியும்படி அவர் படத்தில் நிற்கிறது. பாண்டிய நாட்டுக் குன்று ஒன்று, தெய்வத்தின் இருப்பிடமாகவோ நாடகக் களமாகவோ இராணுவத் தங்குமிடமாகவோ இல்லாமல் தன் பொருட்டே வரையப்பட்டது என்ற வகையில், இவ்வளர்ச்சியின் முழுமையை இவருடைய படங்களில் காணலாம்.

போடி முதலிய சிறுநகரங்களில் ஓவியரின் அன்றாடப் பிழைப்பு கடைப்பலகையும் சுவர் விளம்பரமும் திரையரங்கப் பேனரும்தான். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே விகிதத்தில் பெரிய பரப்பில் கட்டம் இழுத்து உருவத்தைப் பெருக்கும் முறையில் தேர்ந்த இவர்கள், உணவகச் சுவருக்கு அருவியையும் தேநீர்க்கடைக்குத் தேயிலைச் சரிவையும் எழுதித் தந்தனர். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கணினியில் அச்சிடும் பிளக்ஸ் பதாகை பரவியதும் இத்தொழில் சரிந்தது. இன்று அக்கடைகளின் சுவரில் ஒட்டப்படும் மலை, பெரும்பாலும் இணையத்திலிருந்து எடுத்த வேறு நாட்டுப் பனிமலை. குறிஞ்சி பூத்த 2018ஆம் ஆண்டில் மலைச்சரிவின் நீலத்தை எண்ணற்ற கைப்பேசிகள் பதிவு செய்தன. தூரிகைகள் பதிவு செய்தது மிகக் குறைவு.

இந்த வரலாற்றுக்கான சான்றுகள் அழியும் வேகம் அச்சம் தருகிறது. பசை வண்ணப் படுதா ஒருமுறை நனைந்தால் போயிற்று. மடித்து வைத்தால் மடிப்பிலேயே உதிர்ந்துவிடும். கடைச்சுவர் ஓவியத்தை அடுத்த தீபாவளிச் சுண்ணாம்பு மூடிவிடுகிறது. ஆகவே போடி அரண்மனை ஓவியங்களைச் சுவருக்குச் சுவர் ஒளிப்படமும் கோட்டுப்படியுமாக ஆவணப்படுத்துவதும், மதுரை, தேனி வட்டாரத்து நாடகக் குழுவினரிடம் எஞ்சியுள்ள படுதாக்களை எழுதியவர் பெயரோடு பட்டியலிடுவதும் உடனே தொடங்கப்பட வேண்டிய பணிகள். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் தம் ஆய்வேட்டுக்கு இவற்றையே பொருளாக எடுத்துக்கொள்ளலாம். போடிக்கு 2023 சூன் முதல் அகல இரயில்பாதையும் வந்துவிட்டதால், அங்குச் சென்று ஆய்வதற்குத் தொலைவும் தடையில்லை.