தப்புவிக்கப்பட்டவரின் கடன்



ஒரு பக்தி நூலைக் கையில் எடுக்கும்போது அதை எழுதியவரை நினைக்கிறோம், அச்சிட்டவரை நினைப்பதில்லை. இந்த வாரம் அப்படி மறக்கப்பட்ட ஒருவரைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் டே. 16-ஆம் நூற்றாண்டில் லண்டன் நகரில் அச்சகம் நடத்தியவர்.

ஆறாம் எட்வர்ட் அரசரின் நாட்களில் சீர்திருத்த விசுவாசத்தைப் போதிக்கும் நூல்களை அவர் தடையின்றி அச்சிட்டார். 1553-இல் மேரி அரசி அரியணை ஏறியதும் நிலைமை மாறிற்று. நேற்றுவரை பாராட்டப்பட்ட தொழில் இன்று குற்றமாயிற்று. 1554 அக்டோபரில் ஜான் டே பிடிக்கப்பட்டு, லண்டன் கோபுரத்திற்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டார்.

அந்தச் சிறைவாச நாட்களில் அவரோடு பேசியவர்களில் ஒருவர் ஜான் ராஜர்ஸ் என்னும் போதகர். 1537-இல் வெளிவந்த 'மத்தேயு வேதாகமம்' என்னும் ஆங்கில வேதாகமத்தைத் தொகுத்தவர் இவரே. தமக்கு மரணம் நிச்சயம் என்று அறிந்திருந்த ராஜர்ஸ், அச்சாளரைப் பார்த்து, அவர் பிழைத்திருப்பார் என்றும், சுவிசேஷம் மீண்டும் தடையின்றிப் பிரசங்கிக்கப்படுவதைத் தம் கண்களால் காண்பார் என்றும் சொன்னார். 1555 பிப்ரவரி 4-ஆம் நாள் ராஜர்ஸ் ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டார். அங்கே செல்லும் வழியில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அவரைக் காண வந்து நின்றார்கள். மேரி அரசியின் காலத்தில் அக்கினிக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட முதல் இரத்தசாட்சி அவரே.

அச்சாளரோ விடுதலையடைந்தார். இருவரும் சிறைப்பட்டது ஒரே விசுவாசத்திற்காக. ஒருவர் சாம்பலானார், மற்றவர் வீடு திரும்பினார். ஏன் என்று நாம் அறியோம். ஆனால், திரும்பி வந்தவர் என்ன செய்தார் என்பதை அறிவோம்.

1558-இல் எலிசபெத் அரசியானார். 1563-இல் ஜான் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய இரத்தசாட்சிகளின் வரலாற்றை ஜான் டே அச்சிட்டு வெளியிட்டார். ஏறக்குறைய 1,800 பெரிய பக்கங்கள். மரத்தில் செதுக்கி அச்சிட்ட படங்கள் 50-க்கும் மேல். அக்காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, மை தடவி, தாள் தாளாக அழுத்தி எடுக்கவேண்டும். சிறையில் ராஜர்ஸ் சொன்ன வார்த்தைகளும் அந்நூலில் இடம்பெற்றன. தம்மிடம் சொல்லப்பட்டதைத் தம் அச்சகத்திலேயே எழுத்தாய்க் கோர்த்த நாள் எப்படிப்பட்டதாயிருந்திருக்கும் என்று சற்றே எண்ணிப்பாருங்கள்.

நூலில் பிழைகள் உண்டென்று எதிர்த்தரப்பார் சுட்டிக்காட்டினர். ஃபாக்ஸ் மீண்டும் ஆராய்ந்து, திருத்தி, விரிவாக்கினார். 1570-இல் இரண்டாம் பதிப்பு இரு பெரும் தொகுதிகளாக வந்தது. பெரிய தாள் போதாமற்போகவே, சிறிய தாள்களை ஒட்டி இணைத்து வேலையை முடித்தார்கள். மறுவருடம் ஒவ்வொரு பேராலயத்திலும் அந்நூல் வைக்கப்படவேண்டும் என்று திருச்சபை மாமன்றம் கட்டளையிட்டது.

பிரியமானவர்களே, இதோடு நிறுத்தினால் கதை அழகாயிருக்கும். ஆனால் உண்மை முழுமையாயிராது. பாடல் வடிவிலான சங்கீதப் புத்தகத்தையும், சிறுவருக்கான அரிச்சுவடியும் ஞானோபதேசமும் சேர்ந்த சிறுநூலையும் அச்சிடும் தனியுரிமை ஜான் டேயிடம் இருந்தது. வீடுதோறும் விற்கும் நூல்கள் அவை. வேலையின்றி வாடிய ஏழை அச்சாளர்கள் முறையிட்டனர். ரோஜர் வார்ட் என்பவர் அந்த அரிச்சுவடியில் 10,000 பிரதிகளை, ஜான் டேயின் பெயரையே போட்டு, அனுமதியின்றி அச்சிட்டார். 1582-இல் ஜான் டே அவர்மேல் வழக்குத் தொடுத்தார். வார்ட் செய்தது தவறுதான். ஆயினும், சுவிசேஷத்திற்காகச் சிறைசென்ற கை, பிள்ளைகளின் ஞானோபதேசத்தை இலாபத்திற்காக இறுகப் பிடித்திருந்ததே! 1584-இல் தங்கள் உரிமைகளில் சிலவற்றை ஏழைத் தொழிலாளருக்காக விட்டுக்கொடுத்த அச்சாளர்களில் அவரும் ஒருவர் என்பது ஆறுதல். அவ்வாண்டு ஜூலையில் அவர் காலமானார்.

உங்களைக் கேட்கிறேன்: நோயிலிருந்தோ, விபத்திலிருந்தோ, கடனிலிருந்தோ தேவன் உங்களையும் ஒருநாள் தப்புவித்தார் அல்லவா? உங்களோடு இருந்த வேறொருவர் தப்பவில்லை. அன்று பொங்கிய நன்றி இன்று எங்கே? தப்பிய புதிதில் நம் கைகள் திறந்திருக்கின்றன. வசதி வந்தபின் மெல்ல மூடிக்கொள்கின்றன. அதிகம் பெற்றவரிடம் அதிகம் கேட்கப்படும் என்பதை லூக்கா 12:48 நமக்கு நினைப்பூட்டுகிறது. மீந்த ஆயுள் நம் சம்பாத்தியமல்ல. அது ஒப்புவிக்கப்பட்ட பொருள். மூடிய கையைத் திறக்க இன்னும் காலம் இருக்கிறது.

ஜெபம்: எங்களைத் தப்புவித்த ஆண்டவரே, மீந்த நாட்களை உமக்கும் பிறருக்கும் உரியவையாக எண்ணி வாழக் கிருபை தாரும். ஆமென்.