மெய்நிகர் வட்டும் இடப்பெயர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

இடப்பெயர்வு என்னுஞ் சொல் வன்னி மக்களுக்கு விளக்கம் வேண்டாதது. 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமானபோது அந்நகர மக்களுட் பலருக்கு அக்கராயன் புகலிடமாயிற்று. 2008இல் அக்கராயன் மக்களே ஊரைவிட்டுப் பெயர நேர்ந்தது. பெயர்ந்தோர் கூரைத் தகடுகளையும் கதவுகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றனர். கொண்டு சென்ற கதவு புதிய இடத்திற் பயன்பட வேண்டுமாயின், அங்கு அமைக்கும் நிலை பழைய நிலையின் அளவினதாதல் வேண்டும். கணினியியலிலும் இடப்பெயர்வு என்றொரு செயல் உண்டு. அங்கும் அளவுப் பொருத்தமே தலையாய சிக்கலாயிற்று. அச்சிக்கல் தோன்றித் தீர்ந்த வரலாற்றை ஆராய்தல் பயனுடைத்து.

ஒரு கணினியினுள்ளே மற்றொரு கணினி இருப்பதுபோலத் தோற்றுவிக்கும் மென்பொருளைப் போன்மி எனலாம். பிரான்சு நாட்டவரான பப்ரிஸ் பெலார் 2003இல் வெளியிட்ட கியூஎமு இத்தகையது. அதனுள் இயங்குவதை உட்கணினி என்றும், அதனைச் சுமப்பதைத் தாங்குகணினி என்றும் கொள்வோமாயின், உட்கணினி தன் வட்டெனக் கருதுவது பெரும்பாலும் தாங்குகணினியிலுள்ள ஒரு கோப்பேயாகும். தொடக்கத்தில் உண்மையான வட்டின் நடத்தை முழுவதும் அவ்வாறே போலச்செய்யப்பட்டது. ஒவ்வொரு சிறு கட்டளைக்கும் உட்கணினி நின்று நின்று செல்ல வேண்டியிருந்தமையால் வேகம் குன்றியது.

இக்குறையை நீக்க முற்பட்டவர் அவுஸ்திரேலியரான ரஸ்ரி றசல். உட்கணினிக்குத் தான் மெய்யான வட்டோடு பேசவில்லை என்பது தெரிந்திருப்பதில் இழுக்கில்லை எனக் கொண்டு, இரு தரப்பும் பொது நினைவகத்தில் வேண்டுகோள்களைப் பரிமாறும் விர்ட்டியோ என்னும் முறையை அவர் 2007இல் உருவாக்கினார். 2008 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் கருவின் 2.6.24ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது.

இம்முறையின் உயிர்நாடி உடன்பாடு ஆகும். வட்டு தன்னால் இயலும் வசதிகளைப் பட்டியலிட்டு முன்வைக்கும். உட்கணினியின் இயக்கி தனக்கு விளங்குவனவற்றை மட்டும் தெரிந்து ஏற்கும். அதன்பின் இரு தரப்பும் அவ்வுடன்பாட்டின்படியே ஒழுகும். எனவே பழைய இயக்கி புதிய வட்டோடும், புதிய இயக்கி பழைய வட்டோடும் இணங்கி வாழ முடிந்தது.

ஆயினும் உடன்பாடு தொடக்கத்தில் ஒருமுறையே நிகழ்வது. இயங்கிக்கொண்டிருக்கும் உட்கணினியை நிறுத்தாமல் வேறொரு தாங்குகணினிக்குப் பெயர்க்கும்போது, தான் பெயர்க்கப்பட்டமையை அது அறியாது. மீண்டும் உடன்பாடு செய்யவும் மாட்டாது. ஏற்ற வசதியொன்று புதிய இடத்தில் இல்லையெனின் கியூஎமு அந்நிலைமையை ஏற்க மறுத்துவிடும். இடப்பெயர்வு அவ்விடத்தே முறியும்.

இதற்குக் கண்ட தீர்வு, 2009ஆம் ஆண்டளவில் கியூஎமுவிற் புகுந்த பதிப்பெண்ணிட்ட பொறிவகைகளாகும். புதிய மென்பொருளும், கேட்கப்படின் பழைய பதிப்பின் பொறியாகவே நடந்துகொள்ளும். 2019 ஏப்பிரலில் வந்த 4.0ஆம் பதிப்பு இதற்குத் தக்க சான்று. வேண்டாத பகுதிகளை விடுவித்தல், பகுதிகளைச் சுழியமாக்குதல் என்னும் இரு வசதிகளை விர்ட்டியோ வட்டு அப்பதிப்பிற் பெற்றது. எனினும் 3.1ஆம் பதிப்பின் பொறிவகையில் அவையிரண்டும் அடைத்தே வைக்கப்பட்டன. அவ்வசதிகளுக்கெனச் சேர்ந்த புலங்களால் வட்டின் அமைவுப் பகுதி நீண்டது. ஆதலின் இயக்கப்பட்ட வசதிகளுக்கேற்ப அதன் நீளமும் கணிக்கப்பட்டது. 2020இன் 5.0ஆம் பதிப்பில் வேண்டுகோள் வரிசையின் அளவு 128இலிருந்து 256 ஆக உயர்ந்தபோதும், 4.2ஆம் பதிப்பின் பொறிவகைக்கு 128 என்பதே நிலைத்தது.

இதனாற் புதுமை தடைப்பட்டது என்பது பொருந்தாது. உட்கணினியை முற்றாக நிறுத்திப் புதிய பொறிவகையில் மீளத் தொடங்குவோர் புதிய வசதிகளைப் பெறுவர். நிறுத்தவியலாத பணியிலுள்ளோர் பழைய உடன்பாட்டோடு தொடர்வர். எப்போது மாறுவது என்னும் உரிமை பயன்படுத்துவோரிடமே விடப்பட்டது. பெயர்ந்து வருவோரின் கதவுக்கேற்ப நிலையமைக்கும் கடமை, வரவேற்கும் இடத்தைச் சார்ந்ததாயிற்று.