மாக்னீட்டோவின் பூர்வோத்தரம்

1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'எக்ஸ்-மென்' சித்திரக்கதையின் முதல் இதழிலேயே அறிமுகம் செய்த மாக்னீட்டோ, உலகாளும் ஆசையன்றி வேறொன்றும் அறியாத வெறும் துஷ்டனாகவே இருந்தான். பின்னர் கதாசிரியர் கிறிஸ் கிளேர்மான்ட், 1981இல் வெளிவந்த 150ஆம் இதழில், ஆஷ்விட்ஸ் முகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த பால்யத்தை அவனுக்கு அளித்து, 1985இல் பாரிஸ் நியாயஸ்தலத்தில் விசாரணைக்கு நிறுத்தி, ஈற்றில் எக்ஸ்-மென் குழுவின் ஆசானான சேவியரின் பாடசாலையையே அவனிடம் ஒப்புவித்தது, அக்கலைக்கே கௌரவம் சேர்த்த காரியம் என்பேன்.

அத்தனை சிரமத்தில் விளைந்த மனமாற்றத்தை 1991இல் பதிப்பகமான மார்வெல் கலைத்து, அவனை மறுபடியும் பகைவனாக்கியது. 2003இல் கிராண்ட் மாரிசனின் கதையிலோ, அவன் மனிதரைச் சூளைக்கு அனுப்பும் கொடியவனாகவே காட்சியளித்தான். வாசகர் கொதித்தது முற்றிலும் நியாயமே. மறுவருஷமே மார்வெல், அக்கதையின் முடிவில் மாண்டவன் மாக்னீட்டோவே அல்லன், வேறொரு வேஷதாரி என்று சாதித்துவிட்டது.